காந்திகிராமத்தில் கருத்தரங்கு: கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மதிப்புரை

கருத்தரங்க அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் ‘வந்து சேரும் வழி’ என்று நாலு வரி இருக்கும். பக்கத்து விமான நிலையம் மதுரை. பக்கத்து ரயில் நிலையம் அம்பாத்துரை. அடிக்கடி பேருந்து வசதி உண்டு. மூன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த நாலு வரியை மட்டும் நம்பிக் கிளம்பினால், குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, வரவேற்புரையும் முடிந்து எல்லோரும் டீக்கு எழுந்த பிறகுதான் அரங்கத்துக்குள் நுழைவீர்கள்.

காந்திகிராமம் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. ஒட்டியுள்ள ஊர் சின்னாளபட்டி. சுங்குடிச் சேலைக்குப் பேர்போன நெசவாளர் ஊர், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சந்தையும் கடைத்தெருவும் அதுதான். டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து வைத்த இடம். வருகிறவர்களின் பயண சௌகரியம் அந்தக் கணக்கில் இருந்திருக்காது, இருந்திருக்கவும் வேண்டியதில்லை.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ திண்டுக்கல்வரை வருவதில் ஒரு சிரமமும் கிடையாது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆகவே கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்ற ரயிலையோ பஸ்ஸையோ பின்னால் தேடுங்கள்.

முதலில் அம்பாத்துரை. வரைபடத்தில் பார்த்தால் ஆசையாக இருக்கும். பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு ரயில் நிலையம். ஆனால் அது சின்ன ஸ்டேஷன். பாசஞ்சர் வண்டிகளுக்குத்தான் அங்கே நிறுத்தம், எக்ஸ்பிரஸ்கள் விசிலடித்துக்கொண்டு போய்விடும். முன்பதிவுச் செயலியில் சென்னை–அம்பாத்துரை என்று தட்டிப் பார்த்துவிட்டு ‘ரயிலே இல்லை’ என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. திண்டுக்கல் என்று தேடினால் வரிசையாக வரும். மதுரையிலேயே தங்கியிருந்து, பாசஞ்சர் நேரம் நிகழ்ச்சி நேரத்தோடு ஒத்துப்போனால் மட்டும் அம்பாத்துரை அருமையான வழி. செலவும் மிகக் குறைவு. ஆனால் வண்டி தவறினால் அடுத்ததற்குப் பல மணிநேரம் காக்க வேண்டும், இறங்கினால் வாசலில் ஆட்டோ நிற்கும் என்ற உறுதியும் கிடையாது. பெட்டி கனமென்றால் வேண்டாம். இந்த வழிக்கு மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.

அடுத்தது கொடைரோடு. இது ஒரு வினோதமான கேஸ். அம்மையநாயக்கனூரில் இருக்கும் ஸ்டேஷனுக்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர். கொடைக்கானல் அங்கிருந்து 80 கிலோமீட்டர். எக்ஸ்பிரஸ்கள் பல இங்கே நிற்கின்றன. காந்திகிராமத்துக்கான தூரமும் திண்டுக்கல்லிலிருந்து வருவதைவிடப் பெரிதாகக் கூடிவிடாது, பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். அப்படியானால் இங்கே இறங்கலாமே என்று தோன்றும். இறங்கிப் பாருங்கள், வாசலில் நிற்கும் டாக்ஸிக்காரர்கள் மலைக்குப் போகிறவர்களுக்காகக் காத்திருப்பவர்கள். 80 கிலோமீட்டர் சவாரிக்கு நிற்பவரிடம் போய்ப் பதினைந்து கிலோமீட்டர் என்றால் ஒன்று வரமாட்டார், வந்தால் திரும்பி வரும் காலி வண்டிக்கும் சேர்த்துக் கேட்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஏப்ரல், மே சீசனில் பேச்சே எடுக்காதீர்கள். அமைப்பாளர்கள் வண்டி அனுப்புவதாக எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் கொடைரோட்டில் இறங்குங்கள்.

ஆக, திண்டுக்கல். சென்னை, பெங்களூர், கோவை, கேரளம் என்று நாலு பக்கத்து வண்டிகளும் கூடும் ஜங்ஷன். கரூர் வழியாக வருவதும் பழனி வழியாக வருவதும் இங்கே சேரும். பாண்டியன், வைகை, நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் போகும் இரண்டு வந்தே பாரத், மதுரை–பெங்களூர் வந்தே பாரத், பாலக்காடு வழியாக வரும் அமிர்தா எல்லாமே நிற்கும். இவற்றில் கருத்தரங்கத்துக்கு வருகிறவர்களுக்கு எது ஒத்துவரும் என்பதுதான் கேள்வி.

எழும்பூரிலிருந்து விடியற்காலை கிளம்பும் நாகர்கோவில் வந்தே பாரத் பத்து மணி வாக்கில் திண்டுக்கல் வந்துவிடும். அன்று காலையே நிகழ்ச்சி என்றால் இது ஒரு சூதாட்டம். ஸ்டேஷனைவிட்டு வெளியே வர, ஆட்டோ பேச, பன்னிரண்டு கிலோமீட்டர் போக, உள்ளே அரங்கம் தேட என்று பார்த்தால் பதினொன்று ஆகிவிடும். பத்து மணி நிகழ்ச்சி பத்து மணிக்கே தொடங்கும் என்று வைத்துக்கொண்டால் தொடக்கவிழா போச்சு. பத்தரைக்கு மேல்தான் தொடங்கும் என்று நீங்கள் கணக்குப் போட்டால் அது உங்கள் அனுபவம், நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை. முதல் நாளே வந்து தங்குவதானால் மாலை வந்தே பாரத் நல்லது; இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திண்டுக்கல்லில் இருப்பீர்கள். வந்தே பாரத் வண்டிகள் வாரத்தில் ஒருநாள் ஓடாது. அந்த நாள் உங்கள் பயண நாளாக இருக்கிறதா என்று டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

வந்தே பாரத்தில் வருகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. திண்டுக்கல்லில் வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கும், கதவு தானாக மூடிக்கொள்ளும். ஸ்டேஷன் வந்தபிறகு மேலேயிருக்கும் பெட்டியை எடுக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் மதுரையில்தான் இறங்குவீர்கள். போஸ்டர் சுருட்டிய நீளக் குழாயைக் கொண்டு வருகிறவர்கள் அதை முதலிலேயே கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் மறந்துபோகும் சாமான்களில் அதற்குத்தான் முதலிடம்.

பாண்டியனில் வந்தால் விடியுமுன், நாலு மணி வாக்கில் திண்டுக்கல். இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். அந்த நேரத்துக்கு ஆட்டோ கிடைக்கும், வாடகை பகலைவிடக் கூடத்தான் இருக்கும். கிடைத்து, காந்திகிராமம் போய், வாசலில் காவலரை எழுப்பி, விருந்தினர் விடுதியில் உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று அவர் தேடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். அதைவிட ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, ஒரு டீ குடித்து, வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். நேரத்தில் பெரிய நஷ்டமில்லை.

டிக்கெட் விஷயம் ஒன்று. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் இல்லை. கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்ட கடிதம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முன்தான் வரும், அதற்குள் இரவு வண்டிகள் நிரம்பிவிடும். கடிதம் வரும்வரை காத்திராமல் போட்டுவைத்து, தேவையில்லை என்றால் ரத்து செய்வது மேல். உறுதியான டிக்கெட்டை நாலைந்து நாளுக்கு முன்பே ரத்து செய்தால் பிடித்தம் சிறிதுதான். திண்டுக்கல்வரை காத்திருப்புப் பட்டியல் காட்டினால் அதே வண்டியில் மதுரைவரை போட்டுப் பாருங்கள். ஒதுக்கீடு வேறு என்பதால் சில சமயம் கிடைத்துவிடும். முன்னாலேயே திண்டுக்கல்லில் இறங்கிக்கொள்வதில் தவறில்லை.

திண்டுக்கல்லில் இறங்கியாயிற்று. ரயில் நிலையமும் காமராஜர் பேருந்து நிலையமும் ஒரே இடத்தில் இல்லை. நடுவில் ஒன்றிரண்டு கிலோமீட்டர். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து வந்தால் ஸ்டேஷன் வாசலிலிருந்தே நேரே ஆட்டோ பிடித்துவிடுவது உத்தமம். பேசும்போது ‘காந்திகிராமம்’ என்று மட்டும் பேசாதீர்கள். காந்திகிராம அறக்கட்டளை, கஸ்தூரிபா மருத்துவமனை, பல்கலைக்கழகம் எல்லாமே காந்திகிராமம்தான், வாசல்கள் வேறு. ‘யுனிவர்சிட்டி, உள்ளே ஆடிட்டோரியம்வரைக்கும் போகணும்ண்ணே’ என்று முதலிலேயே சொல்லிவிட்டால், வாசலில் இறக்கிவிட்டு ‘உள்ள போறதுக்குத் தனி’ என்ற பேச்சு வராது. வளாகம் பெரியது. மெயின் கேட்டிலிருந்து அரங்கம்வரை பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் சட்டை நனைந்துதான் மேடையேற வேண்டியிருக்கும்.

தனியாக வருகிறவர்களுக்கு டவுன் பஸ். காமராஜர் பேருந்து நிலையத்தில் சின்னாளபட்டி போர்டு போட்ட டவுன் பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரிடம் யுனிவர்சிட்டி ஸ்டாப் என்று சொன்னால் அரைமணிநேரப் பயணம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆதார், ஊர் எதுவும் கேட்கமாட்டார்கள், கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிமாநிலத்துப் பேராசிரியைகள் காசை நீட்டிக்கொண்டே நிற்பதும், கண்டக்டர் சிரித்தபடி சீட்டைக் கையில் திணிப்பதும் ஒவ்வொரு கருத்தரங்கின்போதும் நடக்கும். காலை எட்டிலிருந்து ஒன்பதரைவரை மட்டும் இந்த பஸ்களைத் தவிருங்கள். பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் படியில் தொங்கும் நேரம், சூட்கேஸுக்கு இடம் இருக்காது. ஏழரைக்குள் ஏறினால் உட்கார்ந்தே போகலாம்.

திண்டுக்கல் வழிக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அரை மதிப்பெண் குறைத்தது ஸ்டேஷனும் பஸ் ஸ்டாண்டும் பிரிந்திருப்பதற்காக.

இனி பேருந்தில் வருகிறவர்கள். இங்கேதான் வரைபடம் தெரியாதவர்கள் மாட்டிக்கொள்வது. சென்னையிலிருந்து மதுரை போகும் ஆம்னி பஸ்களும் அரசு விரைவுப் பேருந்துகளும் திருச்சி தாண்டியதும் துவரங்குறிச்சி, மேலூர் வழியாகப் போகின்றன. திண்டுக்கல்லைத் தொடவே தொடாது. மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டு ‘வழியில் திண்டுக்கல்லில் இறங்கிக்கொள்கிறேன்’ என்றால் டிரைவர் உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார். கிளாம்பாக்கத்தில் தேனி, போடி, கம்பம், குமுளி போகும் பஸ்ஸைப் பிடியுங்கள், அவைதான் திண்டுக்கல் வழி. ஆனால் அவையும் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் திரும்பிவிடும், காந்திகிராமத்துக்கு வராது. ஆக, திண்டுக்கல்லிலேயே இறங்கியாக வேண்டும்.

பெங்களூர், சேலம், கரூர் பக்கமிருந்து மதுரை போகிறவை வேறு கதை. அவை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் காந்திகிராமத்தை ஒட்டியே போகும். ஒட்டிப் போவதால் நிற்கும் என்று அர்த்தமில்லை. இரவு ஆம்னி பஸ்கள் திண்டுக்கல்லுக்குள்ளேயே வராமல் பைபாஸ் மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விடும். விடியற்காலை மூன்று மணிக்குப் பாலத்தடியில் பெட்டியோடு நிற்பது யாருக்கும் நல்லதில்லை. டிக்கெட் போடும்போதே இறங்குமிடம் பஸ் ஸ்டாண்டா, பைபாஸா என்று பார்த்துப் போடுங்கள்.

மதுரையிலிருந்து வருகிறவர்கள் செய்யும் தவறு வேறு. மாட்டுத்தாவணிதான் பெரிய பேருந்து நிலையம் என்று அங்கே போய் நிற்பார்கள். திண்டுக்கல் பக்கத்து பஸ்கள் கிளம்புவது ஆரப்பாளையத்தில். மதுரை ஜங்ஷனிலிருந்து ஆரப்பாளையம் கிட்டம்தான், மாட்டுத்தாவணி ஊரின் மறுகோடி. தவறி அங்கே போய்விட்டால் நகரத்தைக் குறுக்கே கடந்து திரும்பி வர முக்கால் மணிநேரம்.

ஆரப்பாளையத்தில் ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

‘அண்ணே, காந்திகிராமம் நிக்குமா?’

மூன்று விதமாகப் பதில் வரும். ‘ஏறுங்க’ என்றால் கவலையில்லை. ‘பாயிண்ட் டு பாயிண்ட் சார், நடுவுல எங்கயும் நிக்காது’ என்றால் கீழேயே நில்லுங்கள், பின்னால் அடுத்த வண்டி இருக்கும். ‘பிரிவுல எறக்கிவிடுறேன்’ என்பது மூன்றாவது. நெடுஞ்சாலையில் சின்னாளபட்டிக்குப் பிரியும் இடத்தில் இறக்கிவிடுவார் என்று பொருள். அங்கிருந்து ஆட்டோவோ நடையோ உங்கள் பாடு. கையில் ஒரு பை மட்டும் என்றால் சரி. நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் நடுத்தடுப்பில் பெட்டியைத் தூக்கி வைத்துத் தாண்டாதீர்கள். லாரிகளும் ஆம்னிகளும் அங்கே வேகம் குறைப்பதில்லை. சற்று நடந்தாலும் சந்திப்பு இருக்கும் இடத்தில் கடந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்து வழியில் வந்து இறங்குகிறவர்கள் நாளைக்கு மறுபக்கத்து வழியில் ஏறியாக வேண்டும் என்பதால் இந்தக் கடப்பிலிருந்து யாருக்கும் தப்பில்லை.

ஆரப்பாளையத்திலிருந்து வழி சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு. ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் மதுரையைவிட்டு வெளியே வரவே சில நாள் அரைமணியாகும். ஒன்றேகால் மணிநேரம் கணக்கு வையுங்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு மதுரையே போதும். திருச்சி விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்கு மேல், கோவை அதைவிடத் தொலைவு. பயணச்சீட்டு ஆயிரம் ரூபாய் மலிவு என்று கோவையில் இறங்கினால் அதைப்போல மூன்று மடங்கை டாக்ஸிக்கு அழ வேண்டியிருக்கும். கொழும்பிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் உண்டு, ஒரு மணிநேரப் பறப்பு. கொழும்பு, பேராதனைப் பக்கத்திலிருந்து வரும் ஆய்வாளர்களுக்குச் சென்னை சுற்றி வருவதைவிட இது பலமடங்கு லேசு. ஒன்றே ஒன்று, மாநாட்டுக்கு என்று தனி விசா வகை இருக்கிறது. அதற்கு அழைப்புக் கடிதத்தோடு அமைப்பாளர்கள் தில்லியில் வாங்கும் அனுமதிகளும் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மதுரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, காந்திகிராமம் வடக்கே. டாக்ஸிக்காரர் நகரத்துக்குள் நுழையாமல் கப்பலூர் போய், மேற்குப் பைபாஸ் பிடித்து, சமயநல்லூரில் பழைய தடத்தோடு சேரவேண்டும். கிலோமீட்டர் கொஞ்சம் கூடினாலும் நேரம் மிச்சம். செயலியில் தெரியும் குறுக்கு வழி பெரியார் நிலையம் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சித்திரைத் திருவிழா நாட்களில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கொடைரோடு டோல்கேட் இந்த வழியில்தான் வரும். வாடகை பேசும்போதே டோல் சேர்த்தா, தனியா, திரும்பும் டோல் யார் தலையில் என்பதைக் கேட்டுவிடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அந்தச் சில்லறைக்குத்தான்.

செயலியில் ‘காந்திகிராமம்’ என்று தட்டும்போதும் கவனம். கரூரில் காந்திகிராமம் என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கமிருந்து காரில் வருகிறவர்களுக்குச் செயலி அதைத்தான் முதலில் காட்டும், வழியிலேயே இருப்பதால் சந்தேகமும் வராது. ரயில் தளத்தில் காந்திகிராம் என்று தேடினால் அகமதாபாத் ஸ்டேஷன் வந்து நிற்கும். ஊர் பெயரோடு சின்னாளபட்டி என்றோ 624302 என்ற அஞ்சல் எண்ணையோ சேர்த்துத் தட்டினால் சிக்கல் தீர்ந்தது.

தேதி பார்க்காமல் பயணம் போடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாள் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் திண்டுக்கல் சாலைகளை நிறைத்திருப்பார்கள். பஸ்கள் ஊர்ந்துதான் வரும், சில தடங்கள் மாற்றிவிடப்படும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள். இதையெல்லாம்விட மோசம் முகூர்த்த நாள். ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்துவிட்டால் டவுன் பஸ்ஸில் கால்வைக்க இடமிருக்காது, ஆட்டோக்கள் எல்லாம் கல்யாண மண்டபத்துக்கு வாடகை பேசப்பட்டிருக்கும், திண்டுக்கல் லாட்ஜ்களில் அறை கிடைக்காது. தேதி குறிக்கும் அமைப்பாளர்கள் பல்கலைக்கழக நாட்காட்டியோடு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியையும் ஒருமுறை புரட்டினால் புண்ணியமாகப் போகும்.

திரும்பும் பயணம் பற்றி அழைப்பிதழில் ஒருபோதும் எழுதமாட்டார்கள். நிறைவு விழா நாலு மணிக்கு என்றால் சான்றிதழ் கைக்கு வர ஐந்தாகும். மதுரையில் விமானம் என்றால், செக்-இன் கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்பே மூடிவிடும். சாலையில் ஒன்றரை மணிநேரம். ஆகவே மூன்று மணிநேரம் முன்னதாக வளாகத்தைவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஏழு மணி விமானம் போட்டவர்கள் சான்றிதழைத் தபாலில்தான் வாங்குவார்கள். ரயிலில் போகிறவர்கள் திண்டுக்கல்லில் ஏறும்படி போடுங்கள். பாண்டியன் இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும் என்பதால் நடுவே நாலு மணிநேரம் மீதி. ஒரு மணிநேரத்தைச் சின்னாளபட்டிக் கடைத்தெருவில் சுங்குடிக்கு ஒதுக்கலாம். கையால் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியதா, அச்சடித்ததா என்று கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் அங்கேதான். மீதி நேரம் திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணிக்கு.

வளாகத்திலிருந்து கிளம்ப மட்டும் மாலை ஐந்து மணிக்கு வாசலில் போய் நின்று ஆட்டோ தேடாதீர்கள். இருநூறு பேர் ஒரே நேரத்தில் வெளியே வரும்போது அங்கே இருப்பது இரண்டோ மூன்றோதான். காலையில் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே போன் போட்டுவிடுங்கள்.